ஏர் ஹோஸில் லீக்: சுற்றி அடைப்பதா, வெட்டி இணைப்பதா?

ஜூன் 9, 2024. கருங்கலிலிருந்து ஒரு தம்பி கேட்டது

"அண்ணே, வீட்டில் 2 எச்பி கம்ப்ரசர் இருக்கு. 8 மில்லி ரப்பர் ஹோஸ், 15 மீட்டர். நடுவில் ஒரு இடத்தில் காற்று சீறுது. எம்-சீல் வைத்து, அதன்மேல் சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார். அவர் வீட்டுத் தண்ணீர் பைப்பை அப்படித்தான் அடைச்சிருக்கார், ஒரு சொட்டு ஒழுகல. இப்போ புது ஹோஸ் வாங்குற நிலைமை இல்லை. இப்படிச் செய்யலாமா?"

ஜூன் 9, இரவு

செய்ய வேண்டாம் தம்பி. புது ஹோஸும் வேண்டாம். ஓட்டை விழுந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு பித்தளை ஜாயிண்டர் போட்டு இணைத்துவிடலாம். ஒரு ஜாயிண்டர், இரண்டு கிளிப், அவ்வளவுதான் செலவு.

அண்ணன் சொன்னது தண்ணீர் பைப்புக்குச் சரி. மாடித் தொட்டியிலிருந்து 6 மீட்டர் இறங்கி வரும் தண்ணீருக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ அழுத்தம்தான் இருக்கும். உங்கள் கம்ப்ரசர் மோட்டார் தானாக நிற்கும்போது டாங்கில் 8 கிலோ இருக்கும். பதின்மூன்று மடங்குக்கும் மேல். அதோடு, பைப் சுவரில் அசையாமல் கிடக்கிறது. ஹோஸை நாம் தினமும் இழுக்கிறோம், மடக்குகிறோம், மிதிக்கிறோம். எம்-சீல் காய்ந்தபிறகு வளையாது. அதைக் கொண்டுபோய் வளைகிற ரப்பர் மேல் ஒட்டினால் சுருட்டும்போதே விளிம்பு விட்டுப்போகும்.

இன்னொரு விஷயம். ஹோஸைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். உள்ளே ஒரு ரப்பர் குழாய், நடுவில் நூல் பின்னல், மேலே ஒரு ரப்பர் உறை. காற்று வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது உள்குழாய். அழுத்தத்தைத் தாங்குவது நூல். ஓட்டை விழுந்த இடத்தில் நூலும் அறுந்திருந்தால், மேலே எவ்வளவு சுற்றினாலும் அந்த இடத்துக்குப் பழைய பலம் வராது. சீறல் குறைந்திருக்கும், ஹோஸ் பலவீனமாகவே இருக்கும், நாம் அதை மறந்திருப்போம். எனக்குப் பயம் அதில்தான்.

ஜூன் 10, காலை

வேலையைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை நேற்றே எழுதியிருக்க வேண்டும், தூக்கம் வந்துவிட்டது.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிரஷர் சுவிட்ச் தானாக ஓடவைக்கும் ஒன்று. டாங்கில் காற்று குறைந்ததும் யாரும் தொடாமலே மோட்டார் கிளம்பிவிடும். அப்புறம் டாங்கின் அடியில் இருக்கும் டிரெயின் காக்கைத் திறந்து எல்லாக் காற்றையும் விடுங்கள். டாங்க் வால்வை மூடிவிட்டு ஹோஸை மட்டும் கழற்றுகிறவர்கள், ஹோஸுக்குள் நிற்கும் காற்றை, முனையில் மாட்டியிருக்கும் ஏர் கன்னின் டிரிக்கரை அழுத்தி விட்டுவிட வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்பதை மட்டும் நம்பாதீர்கள். பழைய கேஜில் முள் சிக்கிக்கொள்ளும். டிரிக்கரை அழுத்தியும் காற்று வரவில்லை என்றால்தான் கத்தியை எடுக்கலாம்.

ஜூன் 10, இரவு

தக்கலையிலிருந்து ஒருவர்: "எங்க லீக்னு கையை வச்சுப் பார்த்தாலே தெரியுமே?"

கையை வைக்காதீர்கள். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து 8 கிலோ அழுத்தத்தில் வரும் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடும். கீறல், புண் இருக்கும் விரலாக இருந்தால் இன்னும் மோசம். தோலுக்கடியில் காற்று போனால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம். அதே காரணத்துக்காக, வேலை முடிந்ததும் உடம்பில் ஒட்டிய மரத்தூளை ஏர் கன்னால் ஊதிக்கொள்வதையும் நிறுத்துங்கள். நம்ம ஊரில் எல்லாப் பட்டறையிலும் பார்க்கிறேன். பிள்ளைகள் முன்னால் செய்யவே கூடாது, அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

சோப்புத் தண்ணீர் போதும். பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டுத் தடவுங்கள். அழுத்தம் 2 கிலோ இருந்தாலே தெரியும், 8 வரை ஏற்ற வேண்டியதில்லை. பெரிய ஓட்டை என்றால் நுரையை ஊதித் தள்ளிவிடும், குமிழே நிற்காது. சின்னக் கசிவுதான் அழகாகக் காட்டும். அடுப்பில் ரசம் நுரைகட்டி வருமே, அது மாதிரி ஒரே இடத்தில் பொடிக்குமிழாகத் திரண்டுகொண்டே வரும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஹோஸை மட்டும் தடவிவிட்டு நிறுத்தாதீர்கள். டாங்க் வால்வின் கழுத்து, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஹோஸை மாட்டிக் கழற்றும் கப்ளர், ஹோஸ் நுழையும் இரண்டு முனை, கன்னின் அடிப்பாகம் என்று வரிசையாகத் தடவுங்கள். என் அனுபவத்தில் நடு ஹோஸில் லீக் வருவது குறைவு. முனைகளில்தான் அதிகம். ஹோஸ் கப்ளரிலிருந்து தொங்கி மடங்குகிற அந்த ஒரு சாண் இடம் முதலில் வெடிக்கும். அங்கே என்றால் ஜாயிண்டரே வேண்டாம். ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு ஹோஸுக்குள் போகும் பல் வைத்த முனையை, அதாவது அதே நிப்பிளை, மறுபடி சொருகி, புது கிளிப் போட்டால் முடிந்தது.

ஜூன் 12

கருங்கல் தம்பி சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்துவிட்டார். நடுவில்தான் லீக். கப்ளரிலும் கொஞ்சம் குமிழ் வருகிறதாம். கப்ளருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஹோஸ்.

வெட்டிய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாயால் அளவு சொன்னால் குழப்பம் வரும். ரப்பர் ஹோஸையும் பின்னல் போட்ட பிவிசி ஹோஸையும் உள்விட்டத்தை வைத்துச் சொல்வார்கள். உங்கள் 8 மில்லியைச் சில கடைக்காரர் "5/16" என்பார். இரண்டும் ஒன்றுதான். ஆனால் நீல நிறத்தில் வழுவழுவென்று வருகிற பியு (பாலியூரிதேன்) டியூபுக்கு வெளிவிட்டம்தான் கணக்கு. 8 மில்லி பியு டியூபின் உள்விட்டம் 5 மில்லி அளவில்தான் இருக்கும். துண்டு கையில் இருந்தால் இந்தப் பேச்சே வராது. கோட்டாறு பக்கம், மார்த்தாண்டம், எங்கே வாங்கினாலும் சரி, பிளாஸ்டிக் ஜாயிண்டர் கொடுத்தால் வாங்காதீர்கள். அது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸுக்கு உள்ளது. பித்தளையில், இரண்டு பக்கமும் வரிவரியாகப் பல் வைத்தது கேளுங்கள்.

வெட்டு நேராக இருக்க வேண்டும். ஆக்ஸா பிளேடு வேண்டாம். நூலைப் பிசிறாக்கும், ரப்பர் தூள் உள்ளே விழும், அந்தத் தூள் நேராக ஸ்ப்ரே கன்னின் நாசிலில் போய் உட்காரும். புது பிளேடு போட்ட பேப்பர் கட்டரால், பலகை மேல் வைத்து ஒரே அழுத்தாக வெட்டுங்கள். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலம் தள்ளி வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். ரப்பர் கறுப்பாக, மிருதுவாக இருந்தால் நல்லது. நகத்தால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தால் அந்த ஹோஸுக்கு வயசாகிவிட்டது, அதற்குமேல் ஜாயிண்டர் போடுவதில் அர்த்தமில்லை.

கிளிப்பை முதலில் ஹோஸில் மாட்டிவிட்டு அப்புறம் ஜாயிண்டரின் நிப்பிளைச் சொருகுங்கள். சொருகும்போது நிப்பிளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் தடவினால் எண்ணெய் போகவே போகாது, பின்னால் அதே வழியில் கழன்றும் வரும். நடுவில் இருக்கும் தடித்த பகுதியைத் தொடும்வரை ஹோஸ் போக வேண்டும். கிளிப் நிற்க வேண்டிய இடம் பற்களின் மேல். வெட்டிய விளிம்பிலிருந்து 3, 4 மில்லி உள்ளே தள்ளி. விளிம்பிலேயே போட்டால் இறுக்க இறுக்க வழுக்கி வெளியே வரும்.

எவ்வளவு இறுக்குவது? கிளிப் பட்டையில் வரிசையாக வெட்டிய துளைகள் இருக்கும். ரப்பர் அந்தத் துளைகள் வழியே லேசாகப் பிதுங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். அதற்குமேல் திருகினால் பட்டை ரப்பரை அறுக்கும்.

காற்று ஏற்றும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, இணைப்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். முதலில் 2 கிலோ. சோப்புத் தண்ணீர். அப்புறம் முழு அழுத்தம். மறுநாள் காற்றை இறக்கிவிட்டு கிளிப்பை மறுபடி ஒரு திருகு திருகுங்கள். ரப்பர் அழுந்திப் படிந்திருக்கும், கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும்.

ஜூன் 13

"நிப்பிள் உள்ளே போகவே மாட்டேங்குது, அடுப்பில் காட்டவா?" என்று கேட்டவர் திங்கள்சந்தைக்காரர். அவருடையது பிவிசி ஹோஸ். தீயில் காட்டாதீர்கள், ஒரு பக்கம் கருகி மறுபக்கம் அப்படியே இருக்கும். ஒரு டம்ளரில் நல்ல வெந்நீர் எடுத்து முனையைக் கொஞ்ச நேரம் முக்கி வையுங்கள், தானாக இளகும். எடுத்த சூட்டிலேயே சொருகி, ஆறியபிறகு கிளிப்பை இறுக்குங்கள்.

ஜூன் 16

12-ஆம் தேதி "மூன்று விரல் தள்ளி வெட்டுங்கள்" என்று எழுதினேன். அது வெளியிலிருந்து குத்துப்பட்ட ஓட்டைக்கு: ஆணி, எலிக்கடி, கூரான தகரம். வேறு வகை லீக் ஒன்று இருக்கிறது, அதற்கு இந்தக் கணக்கு செல்லாது.

உள்குழாய் மட்டும் கிழிந்து, மேலுறை நன்றாக இருந்தால், காற்று இரண்டுக்கும் நடுவே நூல் பின்னல் வழியாக ஊர்ந்து போகும். எங்கே மேலுறை மெலிந்திருக்கிறதோ அங்கே வெளியே வரும். சில சமயம் வெளியே வராமல் ஹோஸில் கொப்புளமாக வீங்கி நிற்கும். அழுத்தம் ஏற்றினால் வீங்கும், இறக்கினால் அமுங்கும். குமிழ் வருகிற இடத்தில் வெட்டி ஜாயிண்டர் போட்டால், ஒரு முழம் தள்ளி இன்னொரு கொப்புளம் வரும். ஓட்டை அங்கே இல்லவே இல்லை, காற்று அங்கே வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டிய முகத்தில் உள்குழாய்க்கும் நூலுக்கும் நடுவே நகத்தை விட்டுப் பாருங்கள். நன்றாக ஒட்டியிருந்தால் நகம் போகாது. தோல் உரிகிற மாதிரி பிரிந்து வந்தால், ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள். 15 மீட்டரில் 3 மீட்டர் போனாலும் பரவாயில்லை, மிச்சம் 12 மீட்டர் நம்பி வேலை செய்யலாம். கொப்புளம் இரண்டு மூன்று இடத்தில் வந்துவிட்டால் அந்த ஹோஸை விட்டுவிடுங்கள். மனசு வலிக்கும்தான்.

ஜூன் 18

குலசேகரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி, ரப்பர் தோட்டக்காரர், உரிமையோடு கேட்கிறார்: "தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு நம்ம குமரி மாவட்டத்தில்தான் வெட்டுறோம். நம்ம பாலில் செய்த ஹோஸைவிட வெளியூர் பிளாஸ்டிக் நல்லதா?"

அண்ணாச்சி, கேள்வி நல்ல கேள்வி. 1984-ல் அரசு ரப்பர் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து கீரிப்பாறைப் பக்கம் பால் வெட்டி வாழ்ந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நம்ம ஷீட்டைக் குறை சொல்ல வாய் வராது. இழுவைக்கும் கிழியாமல் தாங்குவதற்கும் இயற்கை ரப்பருக்கு ஈடு கிடையாது. ஆனால் அதற்கு இரண்டு பகை உண்டு. ஒன்று எண்ணெய். காற்றை அமுக்குகிற கம்ப்ரசர் ஹெட்டிலிருந்து காற்றோடு கொஞ்சம் எண்ணெய் எப்போதும் கலந்து வரும். இயற்கை ரப்பர் அதை உறிஞ்சி ஊதிப்போய்ப் பசையாகும். அதனால்தான் நல்ல ஏர் ஹோஸின் உள்குழாயை எண்ணெய் தாங்கும் நைட்ரைல் மாதிரி செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். இன்னொன்று ஓசோன். காற்றில் இருக்கும் கொஞ்ச ஓசோனே போதும், இழுத்து வளைத்து வைத்த ரப்பரில் வளைவுக்குக் குறுக்கே பொடிப்பொடியாக வெடிப்பு விழும்.

உங்கள் ஹோஸை ஆணியில் மாட்டி வைத்திருந்தால் போய்ப் பாருங்கள். ஆணி மேல் மடங்குகிற இடத்தின் வெளிப்பக்கத்தில் அந்த வெடிப்பு இருக்கும். கீழே தொங்குகிற பகுதியில் இருக்காது. என் ஹோஸைப் பழைய சைக்கிள் ரிம் ஒன்றைச் சுவரில் அடித்து, அதில் பெரிய வட்டமாகச் சுற்றி வைக்கிறேன். வெயில் படாத சுவர்.

ஜூன் 18, இரவு

அண்ணாச்சி திரும்பக் கேட்டார், பிவிசியா ரப்பரா பியுவா என்று. வீட்டுக்கு என் தேர்வு ரப்பர். கனம்தான், ஆனால் சொன்ன பேச்சு கேட்டுத் தரையில் படுத்துக்கிடக்கும். பிவிசி விலை குறைவு, வெயிலில் விறைத்துக்கொள்ளும், ஒருதரம் மடிந்த இடத்திலேயே மடிந்துகொண்டிருக்கும். பியு லேசு, தேயாது, டயருக்குக் காற்றடிக்கவும் சின்ன ஸ்ப்ரே வேலைக்கும் நல்லது. எதுவானாலும் மேலே அச்சடித்திருக்கும் வேலை அழுத்தம் உங்கள் டாங்க் அழுத்தத்தைவிட நன்றாக அதிகம் இருக்க வேண்டும். 20 கிலோ என்று போட்டது எளிதாகக் கிடைக்கிறது. ஒன்றுமே அச்சடிக்காத ஹோஸ் ஏர் ஹோஸே இல்லை.

ஜூன் 21

குளச்சலிலிருந்து: "சாரே, எங்களுக்கு இப்போ தடைக்காலம், போட்டெல்லாம் கரையேத்திப் பெயின்ட் வேலை நடக்கு. கிளிப் மாசத்துக்கு ஒண்ணு துருப்பிடிச்சுப் போகுது."

மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடிக்கத் தடை என்பதால், இந்த இரண்டு மாசமும் கடற்கரை முழுக்கக் கம்ப்ரசர் சத்தம்தான். உப்புக் காற்றில் கிளிப் துருப்பிடிப்பது எப்போதும் திருகிலிருந்து தொடங்கும். பட்டையை எவர்சில்வரில் செய்துவிட்டு, திருகை மட்டும் முலாம் பூசிய இரும்பில் போட்டு விற்கிறார்கள். கடைக்கு ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள். பட்டையில் ஒட்டாமல் திருகில் மட்டும் பலமாக ஒட்டினால் அந்தக் கிளிப் கடற்கரைக்கு ஆகாது. வேலை முடிந்ததும் கப்ளரையும் கிளிப்பையும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள். ஹோஸ் முனையை மணலில் போடாதீர்கள். கப்ளருக்குள் ஒரு மணல் போனாலும் உள்ளே இருக்கும் ஓரிங் என்கிற ரப்பர் வளையத்தை அறுத்துவிடும்.

கருங்கல் தம்பியின் கப்ளர் குமிழுக்கும் இதுவே பதில். முக்கால்வாசி ஓரிங்தான். கப்ளர் வாய்க்குள் டார்ச் அடித்தால் கறுப்பு வளையம் தெரியும். தட்டையாகி, வெடித்து, பளபளப்பு போயிருந்தால் மாற்றுங்கள். மரை இருக்கும் பக்கம் ஒழுகினால் டெஃப்லான் டேப். மரையின் முனை உங்களைப் பார்க்க வைத்துக்கொண்டு, கடிகார முள் போகிற திசையில் மூன்று சுற்று. எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வரும். முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், இல்லையென்றால் டேப் நூல் உள்ளே போய்க் கன்னை அடைக்கும்.

ஜூன் 22

அதே குளச்சல்காரர், ஷெட் சுவரோரமாக பிவிசி பைப் ஓட்டி மூன்று இடத்தில் ஏர் பாயின்ட் வைக்கப் போகிறாராம். பைப்பில் 10 கிலோ என்று அச்சடித்திருக்கிறது, டாங்க் 8 கிலோதானே என்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். அந்த 10 கிலோ தண்ணீருக்குச் சொன்னது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் பைப் வெடித்தால் பீச்சியடித்து அந்த நிமிஷமே அழுத்தம் இறங்கிவிடும். காற்று சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. பைப் உடைந்ததும் விரிகிற வேகத்தில் பிவிசித் துண்டுகளைக் கூராக எறியும். வெயிலும் கம்ப்ரசர் சூடும் பட்ட பிவிசி நாளாக நாளாக நொறுங்கும் தன்மைக்கு வரும், வெளியே பார்த்தால் தெரியாது. ஜிஐ பைப் (துத்தநாக முலாம் பூசிய இரும்புக் குழாய்) போடுங்கள், துரு என்று நினைத்தால் காற்றுக்கென்றே வரும் அலுமினியக் குழாய் போடுங்கள். அதுவரை நல்ல ஹோஸ் ஒன்றே போதும்.

ஜூன் 27

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. கடியபட்டணம் பக்கத்திலிருந்து ஒரு பையன், இதே ஹோஸை நீளமாக்கி வாயில் வைத்துக்கொண்டு சிப்பி எடுக்க முங்கலாமா என்று கேட்டிருக்கிறான்.

கூடவே கூடாது மக்கா. பட்டறைக் கம்ப்ரசர் காற்றில் எண்ணெய்ப் புகை இருக்கும். ஹெட் சூடேறினால் எண்ணெய் கருகி கார்பன் மோனாக்சைடும் வரலாம், அதற்கு மணமே கிடையாது. பக்கத்தில் எஞ்சின் ஓடினால் அதன் புகையையும் உள்ளே இழுத்து உனக்குத் தரும். கரண்ட் போனாலோ ஹோஸ் மடிந்தாலோ அடியில் உனக்குக் காற்று நின்றுவிடும். பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். மூச்சுக்கான காற்றைத் தருவது வேறு இயந்திரம், வேறு வடிகட்டி, வேறு ஹோஸ். உன் அப்பனும் பாட்டனும் மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவர்கள்தானே, அவர்களிடம் கேள்.

ஜூலை 3

தக்கலைக்காரர் ஹோஸையே மாற்றிவிட்டார். இன்னும் சீறல் நிற்கவில்லை என்று வருத்தப்படுகிறார். சத்தம் பிரஷர் சுவிட்ச் அடியிலிருந்து வருகிறதாம்.

மோட்டார் நிற்கும் அந்த நொடியில் "புஸ்" என்று விட்டு அடங்கினால் அது லீக் இல்லை. ஹெட்டுக்கும் டாங்குக்கும் நடுவே உள்ள குழாயில் நிற்கும் காற்றை அது வெளியே விடுகிறது, அடுத்த தடவை மோட்டார் சுமையில்லாமல் கிளம்புவதற்காக. அடங்காமல் சீறிக்கொண்டே இருந்தால், டாங்க் வாயில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை. டாங்க் காற்று பின்னால் திரும்பி வந்து அந்த வழியாகப் போகிறது. பிளக்கைப் பிடுங்கி, டாங்கைக் காலியாக்கி, குழாய் ஆறியபிறகு அந்த வால்வைத் திறங்கள். உள்ளே இருக்கும் சின்ன வட்டில் கரி படிந்திருக்கும். துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வட்டில் பள்ளம் விழுந்திருந்தால் வால்வை மாற்றிவிடுங்கள்.

ஹோஸா, கம்ப்ரசரா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி: காற்றை நிரப்பி, டாங்க் வெளிவால்வை மூடிவிட்டு, டாங்க் ஆறியபிறகு கேஜைப் பாருங்கள். அதற்குப் பிறகும் முள் இறங்கினால் லீக் கம்ப்ரசர் பக்கம், இறங்காவிட்டால் ஹோஸ் பக்கம். ஹோஸ் வாங்கும் முன் இதைச் செய்திருந்தால் அவருக்குக் காசு மிச்சம். இந்த வரியை முதல் பதிலிலேயே படிக்கிறதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 7

"சின்ன லீக்தானே, கரண்ட் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்" என்று ஒருவர். கரண்டோடு போனால் நானும் விட்டுவிடுவேன்.

1 மில்லி ஓட்டை ஒன்று, 7 கிலோ அழுத்தத்தில், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர் காற்றை வெளியே விடும். 2 எச்பி கம்ப்ரசர் நிமிஷத்துக்குத் தருவதே 200 லிட்டர் அளவில்தான். மூன்றில் ஒரு பங்கு வீண். அதை ஈடுகட்ட மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும், ஹெட் கொதிக்கும், டாங்கில் காற்று ஆறி நீர் பிரிவதற்கு நேரமே கிடைக்காது. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு, காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரம் சூடாக ஹோஸ் வழியே போய், கன்னில் விரியும்போது குளிர்ந்து துளியாகும்.

நான் கதவுக்கு லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சு அடிக்கிறேன். அயனிப் பலகையில் முதல் கோட் கண்ணாடி மாதிரி நிற்க வேண்டிய இடத்தில் பால் சிந்தியதுபோல வெளுப்பு பரவினால், கடையில் போய்த் தின்னரைக் குறை சொல்வதற்கு முன்னால் டிரெயின் காக்கைத் திறந்து பாருங்கள், கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். மழைநாளில் வெளுப்பு வருவதற்கு வேறு காரணமும் உண்டு, ஈரக்காற்று பட்டாலே லாக்கர் வெளுக்கும். ஆனால் வெயில் நாளிலும் வந்தால் என் சந்தேகம் லீக் மேல்தான். ஒவ்வொரு நாளும் வேலை முடித்ததும் டாங்கின் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஆடி மாசத்தில் ஒரு டம்ளர் பழுப்புத் தண்ணீர் வந்தாலும் ஆச்சரியமில்லை. விடாமல் வைத்தால் டாங்க் உள்ளிருந்து துருப்பிடித்து மெலியும். ஹோஸுக்கு ஜாயிண்டர் போடலாம், மெலிந்த டாங்குக்குப் பற்றவைக்கக்கூட விடக்கூடாது.

ஜூலை 8

ஜாயிண்டர் எத்தனை போடலாம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். 8 மில்லி ஹோஸுக்குள் போகும் ஜாயிண்டரின் உள்துளை 5 மில்லி அளவுக்குச் சுருங்கும். ஒன்று போட்டால் கன்னில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டுக்குமேல் போனால் ஸ்ப்ரே விசிறி ஒடுங்கும். டயருக்குக் காற்றடிக்க மட்டும் என்றால் அதுவும் பொருட்டில்லை.

ஜூலை 14

கருங்கல் தம்பி எழுதியிருக்கிறார். நடுவில் வெட்டி ஜாயிண்டர் போட்டாச்சு, கப்ளருக்குப் புது ஓரிங் போட்டாச்சு. சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழும் இல்லை. ஆனால் ராத்திரி 8 கிலோவில் நிறுத்தியது காலையில் 7.4-ல் நிற்கிறது. "எங்கேயோ இன்னும் ஒழுகுது அண்ணே."

ஒழுகவில்லை தம்பி. கம்ப்ரசர் ஓடி நின்ற சூட்டில் டாங்குக்குள் காற்று 50 டிகிரியில் இருந்திருக்கும். விடியும்போது 28-க்கு ஆறியிருக்கும். அதே காற்று, அடைத்த அதே டாங்கில், ஆறினாலே 8 கிலோ 7.4-க்கு வந்துவிடும். உங்கள் கேஜும் அதேதான் சொல்கிறது. இப்போது டாங்க் குளிர்ந்துதானே இருக்கிறது? வால்வைத் திறந்த நிலையிலேயே, கன்னைத் தொடாமல், முள் நிற்கும் இடத்தில் கேஜ் கண்ணாடி மேல் ஒரு பேனாக்கோடு போடுங்கள். நாளை காலை இதே நேரத்துக்குப் பாருங்கள். முள் கோட்டிலேயே இருந்தால், காற்றை இறக்கிவிட்டு இரண்டு கிளிப்பையும் மறுபடி ஒரு திருகு திருகிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.